சொந்தத் தெருவுக்கு எழுதக் கூடாது

எங்கள் படுக்கையறைச் சுவர் காய்ந்துவிட்டது. இன்று காலை என் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும் முன்னால்கூட உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கஞ்சி போட்ட சட்டை மாதிரி மொடமொடவென்று இருக்கிறது. சுவரைத் தடவித் தடவிச் சிரிக்கிற மனுஷனை என் மனைவி முதலில் கேலி செய்துகொண்டிருந்தாள். இப்போது நான் இல்லாத நேரத்தில் அவளும் தடவிப் பார்க்கிறாள். எப்படித் தெரியும் என்றால், அவள் விரலில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. ஒட்டட்டும். ஈரச் சுவரைத் தொட்டால் கை நாறும், சுண்ணாம்பு ஒட்டாது. அந்த வித்தியாசம் பட்டவனுக்குத்தான் தெரியும்.

சுவரைப் பற்றிப் பேச வந்தால் என் கொழுந்தியாளைப் பற்றிப் பேசாமல் முடியாது. என் மனைவிக்கு ஒரே தங்கை. வீட்டில் இவளைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் சொல்லிப் பழக்கம். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் குழப்பம் இருக்காது. மாமனார் வீட்டைக் கட்டும்போதே கீழே பெரியவளுக்கு, மாடி சின்னவளுக்கு என்று சொல்லிவிட்டார். கீழே நானும் பெரியவளும் இருக்கிறோம். மாடியில் சின்னவள் தனியாக. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்களை எல்லாம் முகம் கோணாமல் உட்கார வைத்து, பேச்சைக் கேட்டு, "சரிங்க, பார்த்துச் சொல்றோம்" என்று வாசல் வரை வந்து அனுப்பிவிடுவாள். போனவர்களுக்கு இது மறுப்பு என்று புரியவே ஒரு வாரம் ஆகும். அவள் வேலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

வேலை என்ன தெரியுமா? தண்ணீர் இலாகாவின் புகார் அறையில் போன் எடுப்பது. குழாய் உடைந்தாலும், தண்ணீர் வராவிட்டாலும், வந்த தண்ணீர் டீ நிறத்தில் வந்தாலும், ஊர் மொத்தமும் கூப்பிடுகிற நம்பரின் மறுமுனையில் அவள்தான் இருப்பாள். காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் திட்டு வாங்க வேண்டியதுதான். ஊருக்கு அடியில் கிடக்கிற இரும்புக் குழாய்கள் என் மாமனாரைவிட மூத்தவை. உள்ளே துரு ஏறி ஏறி, சளி கட்டின தொண்டை மாதிரி சுருங்கிப்போய்க் கிடக்கின்றன. மாற்றுவதற்குக் காசில்லை என்று இலாகா ஒட்டுப் போடும். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் உடையும். அங்கே இன்னொரு ஒட்டு. கிழிந்த வேட்டியைத் தைத்துத் தைத்துக் கட்டிக்கொள்கிறவனை நாம் கஞ்சன் என்கிறோம். இவர்களை என்ன சொல்வது?

ஒரு குழாய் உடைந்தால் யார் யாருக்கெல்லாம் அடி விழும் என்று சின்னவள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரொட்டிக் கடைக்காரர் மாவு பிசையத் தண்ணீர் இல்லாமல் அடுப்பை அணைத்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை நாறுகிறது என்று பிள்ளைகளை மத்தியானமே வீட்டுக்கு அனுப்புவார்கள். அம்மாக்கள் வேலையிலிருந்து பாதியில் ஓடுவார்கள். ஒருமுறை ஒரு பல் டாக்டர், நோயாளியை வாய் திறந்தபடி நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு இவளுக்கு போன் போட்டாராம். வாய் கொப்பளிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இவள் பதறாமல், "சரிங்க. அவரை முதல்ல வாயை மூடிக்கச் சொல்லுங்க. பக்கத்துக் கடையில தண்ணி பாட்டில் கிடைக்கும், வாங்கி வெச்சுக்குங்க. ஆள் அனுப்பறேன்" என்றாளாம். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எதற்கும் "சரிங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். செத்துப்போ என்று திட்டினாலும் "சரிங்க, தெருப் பேர் சொல்லுங்க" என்பாள். அலுவலகத்தில் அவளுக்குச் 'சரிங்க மேடம்' என்றே பேர் விழுந்துவிட்டது. குழாய் ஆட்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல்தான் தெரியும்.

அந்தப் புகார் அறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் யாரும் மீற மாட்டார்கள். முன்னே அங்கே ஒருவர் வேலை பார்த்தார். தன் மாமியார் தெருவில் லேசாகக் கசிந்தாலும் முதல் வண்டியை அங்கேதான் அனுப்புவார். மற்ற தெருக்காரர்கள் திரண்டு வந்து அலுவலக வாசலில் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து புகார் அறையில் இருக்கிற யாரும் தங்கள் சொந்தத் தெருவுக்குத் தாங்களே புகார் எழுதக் கூடாது. அந்தத் தெருவில் குடியிருக்கிற வேறு யாராவது போன் செய்ய வேண்டும். வீட்டுக்காரர்களைத் தூண்டிவிட்டுக் கூப்பிட வைப்பதும் கௌரவக் குறைச்சல். சின்னவள் இதைக் கற்பு மாதிரிக் காத்தாள்.

இப்போது எங்கள் தெருவுக்கு வாருங்கள்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, சாலை ஓரத்தில் எப்போதும் ஒரு ஈரம். கோடையில் லேசாக வற்றும், மற்ற நாளில் கையகலக் குட்டையாக நிற்கும். பாசி படர்ந்து பச்சையாக இருக்கும். நாய்கள் வந்து குடிக்கும். தள்ளுவண்டிக் கீரைக்காரர் கட்டுகளை அதில் முக்கி எடுத்து 'இப்பத்தான் பறிச்சது' என்பார். வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. விழுந்தவர்கள் எழுந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு, எங்கள் மாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சின்னவள் ஒருநாள் படியேறும்போது என்னைக் கேட்டாள். "மாமா, வாசல்ல தண்ணி நிக்குதே, தெருவுல யாராவது போன் பண்ணினாங்களாமா?"

"பண்ணாமலா இருப்பாங்க?" என்றேன் நான். அவள் "சரிங்க மாமா" என்று மேலே போய்விட்டாள். அதற்கு மேல் கேட்பது அவள் வழக்கத்துக்கு ஒத்துவராது. நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி போடுகிறவன் நான். என் லட்சணம் இது.

உள்ளே, படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. சுண்ணாம்பு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு உதிரும். மர அலமாரியின் முதுகு அழுகி, உள்ளே வைத்த துணியெல்லாம் பூஞ்சை வாடை. அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் சின்னவளின் குளியலறை. அதன் கழிவுநீர்க் குழாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் கீழே இறங்குகிறது. ப்ளம்பர் வந்தார், பார்த்தார், உச்சுக்கொட்டினார். "மேல ஒழுகுதுங்க. தண்ணி உள்ளுக்குள்ளயே இறங்கி அடியில சேருது." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

கோடையில் குளியலறைத் தரையை உடைத்தோம். புது ஓடு பதித்தோம். சுவர் காய்ந்தது. ப்ளம்பர் மீசையை முறுக்கிக்கொண்டார். மழைக்காலம் வந்ததும் மறுபடி ஈரம். அடுத்த கோடையில் இறங்கு குழாயையே மாற்றினோம். காய்ந்தது. மறுபடி நனைந்தது. கோடையில் இலாகா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் விடுகிறது என்பதும், தெருக்குழாயில் தண்ணீர் இல்லாத நாளில் அது ஒழுகாது என்பதும் இப்போது குழந்தைக்குக்கூடப் புரிகிறது. அப்போது எங்களுக்குப் புரியவில்லை. எத்தனை செலவானது என்று நான் எழுதி வைக்கவில்லை. சின்னவள் ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் தன் பங்கைக் கொடுத்தாள். குற்றவாளி மாதிரி கொடுத்தாள் என்பதுதான் எனக்குப் பொறுக்காது.

பணம் போனால் போகிறது. பெரியவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஈரச் சுவரை ஒட்டிப் படுக்கிறவள் அவள்தான். இருமி இருமி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினேன். வாடை கூடத்துக்கும் வந்தது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு அந்த ஈரம் போகணும், இல்ல நீங்க போகணும். ரெண்டும் ஒரே வீட்ல இருக்க முடியாது."

அந்தச் சமயம் பார்த்துத்தானா அது நடக்க வேண்டும். சின்னவள் அலுவலகப் பயிற்சிக்கு ஒரு வாரம் வெளியூர் போனாள். அவள் போன வாரம் சுவர் காய்ந்தது. கண்ணெதிரே, நாளுக்கு நாள், ஈரக் கோடு கீழே கீழே இறங்கியது. அவள் திரும்பி வந்தாள். மறுபடி ஏறியது.

பெரியவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "பார்த்தீங்களாங்க? அவ இல்லாத வாரம் சுவரு காயுது. அவ வந்தா நனையுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். நானும் நம்பிவிட்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது, ஆனால் பழம் விழுந்தது எங்கள் தலையில். அதே வாரம் எங்கள் பகுதிக்கே குழாய்த் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று குடம் தூக்கியவன் நானே. தோள் வலி இருந்தது, புத்தி வேலை செய்யவில்லை.

சின்னவள் ஊரிலிருந்து வந்த மறு வாரம் பெரியவள் மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்டுவிட்டாள். "நீ மேல ஒரு வாளி ஊத்தினா, கீழ எனக்கு ஒரு மூச்சு குறையுது. தெரியுமா உனக்கு?"

சின்னவளிடமிருந்து வழக்கமான 'சரிங்க'கூட வரவில்லை. படியேறி மேலே போய்விட்டாள். அன்றிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது. கீரைக் கட்டு வாங்கினால் பாதியைப் படியில் வைத்துவிட்டு வருகிறவள் என் மனைவி. அதுவும் நின்றது. சின்னவள் விடியும்போதே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். என் பெண்டாட்டி முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போகிறாள் என்று நினைத்தேன். நடுவில் நான் இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரி இருந்தேன். மேலே போனால் இவளுக்குக் கோபம். போகாவிட்டால் எனக்கே மனசு கேட்காது.

கடைசியில் பெரியவள் முடிவெடுத்தாள். மாடிக் குளியலறையை நிரந்தரமாக மூடிவிட வேண்டும். மூடினால் சின்னவள் எங்கே குளிப்பாள் என்று கேட்டேன். "கீழ வந்து குளிக்கட்டும்" என்றாள். பேச்சே இல்லாத வீட்டில் எந்த மானமுள்ளவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே வருவாள்? நான் போய்ச் சின்னவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"வேண்டாம் மாமா. நானே போயிடறேன். ஆபீஸ் பக்கத்துல ஒரு அறை பார்த்துட்டேன். அக்கா நல்லா மூச்சு விட்டா போதும்."

பிறந்து வளர்ந்த வீடு. அப்பா கையால் 'இது உனக்கு' என்று கொடுத்த மாடி. அதை விட்டுப் போகிறேன் என்று டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கீழே வந்து பெரியவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். ஆனால் 'வேண்டாம்னு சொல்லுங்க' என்று மட்டும் சொல்லவில்லை. இருமல் வந்துவிட்டது. எய்தவன் எங்கேயோ இருக்க அம்பை நொந்துகொண்டிருந்தோம். எய்தவன் வாசலிலேயே, மண்ணுக்கு அடியில் இருந்தான்.

சாமான் ஏற்ற ஒரு சின்ன லாரி வந்தது. கட்டில், மெத்தை, அடுப்பு, புத்தகப் பெட்டி, மின்விசிறி எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியாகப் பீரோ. நானும் டிரைவரும் கூட வந்த ஆளும் சேர்ந்து அதைத் தூக்கி ஏற்றினோம். பீரோ ஏறியதும் லாரி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. டிரைவர், "டயர்ல காத்து கம்மியோ" என்று குனிந்து பார்த்தார். டயரில் காற்று இருந்தது. டயருக்குக் கீழேதான் சாலை இல்லை.

மெதுவாக, மாடு படுக்கிற மாதிரி, லாரியின் பின்சக்கரம் தரைக்குள் இறங்கியது. தார் விரிசல் விட்டு அப்பம் மாதிரி உடைந்தது. குட்டை இருந்த இடம்தான். சக்கரம் அச்சு வரைக்கும் உள்ளே போனதும் 'குபுக்' என்று ஒரு சத்தம். அப்புறம் தண்ணீர். சேறும் தண்ணீருமாகப் பொங்கி எங்கள் வாசலுக்குள் வந்தது. டிரைவர் ஓடிப்போய் முன்பக்கக் கதவைப் பிடித்துத் தொங்கியபடி யாரையோ, எதையோ, பொதுவாக எல்லாரையும் திட்டினார். யாருக்கும் அடி இல்லை. அதுதான் பெரிய விஷயம்.

தெரு கூடிவிட்டது. இஸ்திரிக்காரர், எதிர்வீட்டு டீச்சர், கீரைக்காரர், எல்லாரும் சின்னவளைப் பார்த்தார்கள். சின்னவள் கணுக்கால் தண்ணீரில் கைப்பையுடன் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்கதானே தண்ணி ஆபீஸ்? ஒரு போன் போடுங்க" என்றார் இஸ்திரிக்காரர்.

"நான் பண்ணக் கூடாதுங்க. தெருவுல வேற யாராவது பண்ணணும்."

"இத்தனை நாளா நீங்க சொல்லியிருப்பீங்கன்னுதானே நாங்க சும்மா இருந்தோம்" என்றார் டீச்சர்.

"நான் ஆபீஸ்ல இல்லாத நேரத்துல நீங்க யாராவது சொல்லியிருப்பீங்கன்னுதாங்க நான் இருந்தேன்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வழுக்கி விழுந்தவர்கள் ஏன் எங்கள் மாடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர் ஆபீஸ் அம்மா குடியிருக்கிற தெரு, அவங்களுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. தெரு முழுக்க ஒரு ஆளை நம்பியிருந்தது. அந்த ஒரு ஆள் தெருவை நம்பியிருந்தாள். விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள். கீரைக்காரருக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

திண்டாடிக்கொண்டு நிற்கிற கூட்டத்தை விலக்கிவிட்டுப் பெரியவள் வந்தாள். அவளுக்கு எதற்கும் பொறுமை கிடையாது. "கொண்டாங்க போனை" என்று என் கையிலிருந்து பிடுங்கி, புகார் நம்பரைப் போட்டாள். மறுமுனையில் சின்னவளோடு வேலை பார்க்கிற பெண். தெருவையும் கதவு எண்ணையும் சொன்னதும் அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். சத்தம் எங்களுக்கே கேட்டது. "இது எங்க சரிங்க மேடம் வீடாச்சேங்க. நான் வந்ததிலேர்ந்து உங்க தெருவுலேர்ந்து ஒரு போன்கூட வந்ததில்லையே. உங்க தெருவுல குழாய் ரொம்ப நல்லா இருக்குன்னு நாங்க பேசிக்குவோம்."

பெரியவள் போனை வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். "ஏன்டி, நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையா?"

"சொந்தத் தெருவுக்கு நாங்க எழுதக் கூடாதுக்கா."

பல மாதத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

இலாகா வண்டி வந்தது. முதலில் லாரியைக் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். சாமான்கள் எல்லாம் அதிலேயே இருந்தன. குழாய் மேஸ்திரி சின்னவளின் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். "மேடம், நீங்களா? ஊர்ல இருக்கிற சந்து பொந்தெல்லாம் எங்களை விரட்டி விரட்டி அனுப்பறீங்க. சொந்த வாசல்ல குளம் வெட்டி வெச்சிருக்கீங்களே" என்று கேலி செய்தபடி குழிக்குள் இறங்கினார். சின்னவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மண்ணை அள்ளியபோதுதான் தெரிந்தது, அள்ளுவதற்கே மண் அதிகம் இல்லை. சாலைக்கு அடியில் ஒரு அறை மாதிரி வெற்றிடம். தண்ணீர் அரித்து அரித்துக் கொண்டுபோயிருந்தது. பீரோ ஏறும் வரை அந்தத் தார் எப்படித் தாங்கியது என்பதே அதிசயம். பெரிய வண்டி வந்திருந்தால், பள்ளிக்கூட வண்டி வந்திருந்தால் என்று டீச்சர் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

குழாயின் மூட்டு விட்டுப்போயிருந்தது. மேஸ்திரி ஆளைவிட்டு வால்வைக் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னார். மூட்டிலிருந்து தண்ணீர் கத்தி மாதிரி சீறியது. சீறியது எந்தப் பக்கம் தெரியுமா? நேராக எங்கள் வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்து.

மேஸ்திரி நிமிர்ந்து எங்கள் சுவரைப் பார்த்தார். "ஐயா, உள்ள இந்தப் பக்கத்துச் சுவரு ஈரமா இருக்குமே? இடுப்பு வரைக்கும் ஏறியிருக்குமே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. சின்னவள் பயிற்சிக்குப் போன வாரத்தைச் சொல்லி, அப்போது இந்தக் குழாயில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டேன்.

"எங்க இருந்துது? பெரிய குழாய் உடைஞ்சு அந்த வாரம் இந்தப் பக்கம் முழுக்க நிறுத்தியிருந்தோமே. லாரித் தண்ணிதானே குடிச்சீங்க?"

பக்கத்தில் நின்ற பெரியவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோய் மருந்து எடுக்க ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினாள். மூச்சு இழுக்கவில்லை, அழுகைதான். "அவளைப் போய் நான் துரத்தினேனேங்க" என்று என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபப்பட வேண்டும் போலவும் இருந்தது, யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் மேஸ்திரியின் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

லாரி டிரைவர் வந்து, "கிளம்பலாங்களா? இல்ல இறக்கணுமா? எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க" என்று கேட்டார். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை, பொதுவாகக் கேட்டார்.

சின்னவள் பதில் சொல்லாமல் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் எழுந்துபோய், சேலையைச் செருகிக்கொண்டு, லாரியிலிருந்து மின்விசிறியை இறக்க ஆரம்பித்துவிட்டாள். "நீ தூக்காதேக்கா, மூச்சு வாங்கும்" என்று சின்னவள் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, யார் விடுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

"போகாதடி" என்றாள் பெரியவள். "நீ ஊத்தின தண்ணி இல்லடி அது. நான்தான் கண்ணு தெரியாம பேசிட்டேன்."

"நான் ஊத்தவே இல்லைக்கா" என்றாள் சின்னவள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்னடி சொல்ற?"

"நீ மூச்சு குறையுதுன்னு சொன்னியே, அன்னைலேர்ந்து நான் மேல குளிக்கவே இல்லை. குழாய் ஆளுங்க சேறு கழுவறதுக்கு ஆபீஸ் பின்னாடி ஒரு குளியலறை இருக்கு. காலையில அவங்க வர்றதுக்கு முன்னாடி போய்க் குளிச்சுக்குவேன். துணி வெளியில குடுத்துடுவேன். அந்தக் குளியலறையில ஒரு சொட்டு விடலைக்கா."

"அப்புறமும் சுவரு நனைஞ்சுதேடி."

"ஊறினது காயறதுக்கு நாளாகும்னு நெனச்சேன். அப்புறம், நான் வீட்ல இருந்தாலே நனையுதோன்னு எனக்கே தோணிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"நீதான் பேசவே இல்லையேக்கா."

நான் திரும்பி நின்றுகொண்டேன். விடியும்போதே பையை மாட்டிக்கொண்டு போனவள் எங்கே போனாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மழையிலும் குளிரிலும், ஆண்கள் சேறு கழுவுகிற இடத்தில், தாழ்ப்பாள் சரியாக விழுமோ விழாதோ என்று பயந்துகொண்டு குளித்துவிட்டு, ஊருக்கெல்லாம் "சரிங்க, தண்ணி வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெரியவள் மின்விசிறியைக் கீழே வைத்தாள். தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் பின்னாலேயே போனேன், மூச்சு வாங்கினால் பிடித்துக்கொள்ள. நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தெருவில் நிறுத்தியிருந்தாலும் மேல்தொட்டியில் தண்ணீர் இருந்தது. வாளி நிறைய ஆரம்பித்தது.

"குளி" என்றாள்.

"இப்பவாக்கா? சாமான் எல்லாம் லாரியில..."

"அதை மாமா பார்த்துக்குவாரு. நீ குளி. தொட்டி காலியாகற வரைக்கும் குளி. சத்தம் எனக்குக் கீழ கேக்கணும்."

நான் கீழே வந்து டிரைவரிடம் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். பீரோவைத் திரும்பத் தூக்க வேண்டுமா என்று அவர் முனகினார். இஸ்திரிக்காரரும் கீரைக்காரரும் கை கொடுத்தார்கள். இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக ஒரு பீரோவை நான் வாழ்க்கையில் தூக்கியதில்லை.

தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது பெரியவள் படுக்கையறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஈரச் சுவரில் முதுகைச் சாய்த்து, சேலை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல். சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கு குழாயில் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. மேலே ஒரு வாளி கவிழ்கிற சத்தம், அடுத்து இன்னொன்று. ஒவ்வொரு வாளிக்கும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பெரியவள் தலையைத் தூக்கி, மாடிக்குக் கேட்கும்படி, மூச்சு இழுக்காமல் குரல் கொடுத்தாள்.

"என்னடி நிறுத்திட்ட? இன்னும் ஊத்து."